எக்ஸ்கேசிடியைப் பார்த்துச் சிரிப்பு வராவிட்டால் குறை யாரிடம்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்குப் பொறியியல் படிக்கப் போயிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "விடுதியில் எல்லோரும் எக்ஸ்கேசிடி என்ற குச்சி மனிதர் கார்ட்டூனை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பாதி புரிவதில்லை. புரிந்ததிலும் பாதிக்குச் சிரிப்பு வருவதில்லை. குறை என்னிடமா, கார்ட்டூனிடமா? இது நிஜமான நகைச்சுவையா, அறிவைக் காட்டிக்கொள்வதா? தமிழில் இப்படி ஒன்று செய்ய முடியுமா?"

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை இல்லை. கார்ட்டூனிடம் குறை உண்டு, ஆனால் எல்லாப் படங்களிலும் இல்லை. சிலவற்றில் மிக நல்ல நகைச்சுவை இருக்கிறது, அவற்றை நீங்கள் தவறவிடக் கூடாது. ஹட்டன் பக்கம் தமிழ் மொழிமூலத்தில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் நான். இந்தப் படங்களில் சிலவற்றை வகுப்பில் பல தடவை காட்டியிருக்கிறேன். எதற்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எதற்கு மரியாதைக்காகப் புன்னகைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உருவானது.

இதை வரைபவர் ரண்டல் மன்றோ என்ற அமெரிக்கர். பௌதிகவியல் படித்தவர், நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் ரோபோ சம்பந்தமான வேலை பார்த்தவர். கொப்பிகளில் கிறுக்கி வைத்திருந்த படங்களை 2005இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். அப்புறம் அதுவே முழுநேரத் தொழிலானது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று படம், இப்போது எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. மனிதர்களுக்கு முகம் கிடையாது. வட்டத் தலை, குச்சிக் கைகால், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பாதி புரியாததற்கு அறிவோடு சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீங்கள் பார்ப்பது பாதிப் படம். இந்தக் கார்ட்டூனில் படத்தின்மேல் சுட்டியை வைத்தால் மட்டும் தெரியும் ஒரு வரி எப்போதும் இருக்கும். பல படங்களில் கடைசிச் சிரிப்பு அந்த வரியில்தான் வரும். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் வெட்டி அனுப்பும்போது அது காணாமல் போய்விடுகிறது. தளத்தின் அலைபேசிப் பதிப்பில் அந்த வரியைத் தட்டிப் பார்க்க வழி இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். மற்றது, புரியாத பாதியில் பெரும்பகுதி விஞ்ஞானமே இல்லை, அமெரிக்கா. அங்கத்தைய தொலைக்காட்சித் தொடர், அங்கத்தைய தேர்தல், அங்கத்தைய பிள்ளைகள் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேம். இவற்றை வைத்து வரைந்த படத்தை ஒரு நோபல் பரிசு பெற்ற இரசாயனவியலாளரிடம் காட்டினாலும், அவர் அந்த ஊரில் வளராதவராக இருந்தால் முழிக்கத்தான் செய்வார். புரியவில்லை என்றதும் "நமக்கு விஞ்ஞானம் போதாது" என்று நம் பிள்ளைகள் முடிவுகட்டுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளை ஏற்கெனவே எத்தனையோ இடத்தில் "இது எனக்குரிய இடம் இல்லையோ" என்று தயங்குகிறது. ஒரு கார்ட்டூனும் சேர்ந்து அந்தத் தயக்கத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

சரி, நகைச்சுவைக்கு வருவோம். நான் எப்போதும் பார்ப்பது ஒன்றைத்தான். படத்திலுள்ள விஞ்ஞானம் சிரிப்புக்குள்ளே வேலை செய்கிறதா, இல்லை வாசலில் நின்று டிக்கெட் மட்டும் கேட்கிறதா?

உள்ளே வேலை செய்வதற்கு நல்ல உதாரணம் 882ஆம் படம், 2011இல் வந்தது. ஜெலி பீன்ஸ் மிட்டாய் தின்றால் முகப்பரு வருமாம் என்று ஒருத்தி ஓடிவந்து சொல்கிறாள். விஞ்ஞானிகள் சோதித்துப் பார்க்கிறார்கள். தொடர்பு இல்லை. அப்படியானால் ஒரு குறிப்பிட்ட நிறத்து மிட்டாய்தான் காரணமாம் என்கிறாள். விஞ்ஞானிகள் சலித்துக்கொண்டே திரும்பவும் போகிறார்கள். அடுத்து இருபது சின்னக் கட்டங்கள் வரிசையாக வருகின்றன. ஊதா நிற மிட்டாய்க்கும் பருவுக்கும் தொடர்பு இல்லை, மண்ணிற மிட்டாய்க்குத் தொடர்பு இல்லை, இளஞ்சிவப்புக்கு இல்லை என்று ஒரே படம், ஒரே வாசகம், நிறத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. நடுவே ஒரு கட்டத்தில், பச்சை நிறத்துக்கு மட்டும், தொடர்பு உண்டு என்று வருகிறது. கடைசியில் பத்திரிகையின் முதல் பக்கம்: பச்சை மிட்டாய்க்கும் முகப்பருவுக்கும் தொடர்பு, 95 சதவீத உறுதி!

இதில் வேலை செய்யும் விஞ்ஞானம் புள்ளிவிபரவியல். உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் ஒரு சோதனையில் இப்படியொரு முடிவு தற்செயலாக வர 5 சதவீதத்துக்குக் குறைவான வாய்ப்பே இருந்தால் அதைக் கணக்கிலெடுக்கத்தக்க முடிவு என்று ஏற்பது பல துறைகளில் வழக்கம். ஆனால் ஒன்றுக்கும் உதவாத இருபது சோதனைகளைச் செய்தால், அவற்றில் குறைந்தது ஒன்றாவது தற்செயலாக "வெற்றி" பெறும் நிகழ்தகவு எவ்வளவு? 0.95ஐ இருபது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள், ஏறத்தாழ 64 சதவீதம் வரும். அதாவது பச்சை மிட்டாய் மாட்டிக்கொண்டதில் அதிசயமே இல்லை. எதுவுமே மாட்டாமல் போவதற்கான வாய்ப்புத்தான் குறைவு.

வகுப்பில் இதை முதலில் படமாக மட்டும் காட்டினால் சிரிப்பு வராது. இருபது கட்டம் போரடிக்கிறது என்பார்கள். கணக்கைச் செய்துவிட்டுத் திரும்பக் காட்டினால் அந்தச் சலிப்பான இருபது கட்டங்களைப் பார்த்தே சிரிப்பார்கள், ஏனென்றால் அந்தச் சலிப்பே பகிடியின் உடம்பு என்று அப்போது தெரிந்துவிடுகிறது. பத்திரிகைத் தலைப்பில் அந்த இருபதும் மறைந்துபோய் ஒன்று மட்டும் நிற்கிறது. மறைந்திருக்கும் வரியில் இன்னும் ஒரு படி: பச்சையைத் திரும்பவும் சோதித்தோம், தொடர்பு கிடைக்கவில்லை, அது அநேகமாகத் தற்செயல்தான் என்று விஞ்ஞானி சொல்லி முடிப்பதற்குள், ஆய்வுகளுக்கிடையே முரண்பாடு, மேலும் ஆய்வு தேவை என்று அடுத்த தலைப்பு பாய்ந்து வந்துவிடுகிறது. மிளகாய், மஞ்சள், தேங்காயெண்ணெய் என்று வாரத்துக்கொரு "ஆய்வு" அலைபேசிக்கு வந்துசேரும் நமக்கு, இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் பிறந்திருக்கத் தேவையில்லை.

விளக்கினால் பகிடி செத்துவிடும் என்று சொல்வார்கள். இந்த வகைக்கு அது பொருந்தாது என்பது என் அனுபவம். விளக்கியபின் சிரிப்பு வந்தால் விஞ்ஞானம் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். விளக்கியபின் "ஓ, அதைச் சொல்கிறாரா" என்று தலையாட்டுவதோடு நின்றுவிட்டால் அது டிக்கெட் மட்டும்தான்.

டிக்கெட் வகைக்கு உதாரணம் சொன்னால் உங்கள் நண்பர்கள் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். 2006இல் வந்த 149ஆம் படம். ஒருவன் சாண்ட்விச் செய்து தா என்கிறான். மற்றவர், நீயே செய்துகொள் என்கிறார். அவன் அதே வாக்கியத்தின் முன்னால் "சூடோ" என்று சேர்த்துச் சொல்கிறான், மற்றவர் உடனே சரி என்கிறார். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், நிர்வாகியின் அதிகாரத்தோடு இந்தக் கட்டளையை ஓட்டு என்று சொல்லப் பயன்படும் சொல் அது. மனிதனும் இயந்திரம் போலப் பணிந்துவிடுகிறான் என்பது சின்ன வேடிக்கைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல் தெரிந்தவருக்கு முதல் தடவை புன்னகை வரும், இரண்டாம் தடவை எதுவும் மிச்சமிராது. அது இவ்வளவு புகழ்பெற்று டீ சேர்ட் வரைக்கும் போனதற்குக் காரணம், அதை அணிந்தவரும் பார்த்துச் சிரிப்பவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள முடிந்ததுதான். அந்தச் சிரிப்பு தப்பு என்று சொல்லவில்லை. ஊர் விட்டு ஊர் போன இடத்தில் நம் பேச்சுவழக்கைக் கேட்டால் நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அதை வைத்து, சிரிக்காதவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றோ மூளை இல்லை என்றோ யாராவது சொன்னால், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

இதற்கு நேரெதிரான படம் ஒன்று உண்டு, கல்விக்கூடத்தில் இருக்கிற எல்லோரும் பார்க்க வேண்டியது. 2021இல் வந்த 2501. இரண்டு புவி இரசாயனவியலாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். நமக்கு சிலிக்கேற்று இரசாயனம் இரண்டாம் இயல்பு, அதனால் சாதாரண ஆளுக்கு ஒலிவைன், ஒன்றிரண்டு பெல்ஸ்பார் இவற்றின் சூத்திரம் மட்டும்தான் தெரியும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம் என்கிறார் ஒருவர். குவாட்ஸும் தெரியும்தானே என்கிறார் மற்றவர். அது சொல்லாமலே தெரியும் என்று முடிகிறது. இந்தப் படத்தின் விசேஷம், பெல்ஸ்பார் என்றால் என்னவென்றே தெரியாதவர்தான் இதைப் பார்த்து அதிகம் சிரிக்கிறார். மாத்தளைப் பக்கம் தோண்டி எடுக்கிற கனிமம்தான், ஆனால் எங்கள் வகுப்பில் அதன் சூத்திரம் யாருக்கும் தெரியாது, சிரிப்புக்கும் குறைவில்லை. துறைக்குள் மூழ்கியவர் வெளியே நிற்பவரை எவ்வளவு தப்பாக அளந்து வைத்திருக்கிறார் என்பதே பகிடி. இங்கே சிரிக்கப்படுபவர் அறிந்தவர், அறியாதவர் இல்லை. "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று விரிவுரையில் ஒரு சமன்பாட்டைத் தாண்டிப் போகிறவர்களை நீங்கள் இந்நேரம் சந்தித்திருப்பீர்கள். அவர்களுக்கும் சேர்த்து வரைந்த படம் இது.

என்னிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 356ஐச் சொல்வேன், 2007இல் வந்தது. கறுப்புத் தொப்பிக்காரர் என்று ஒரு நிரந்தரப் பாத்திரம் உண்டு, இரக்கமே இல்லாத ஆள். அவர் தெருவோரம் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் வரும் பௌதிகவியலாளரிடம் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். ஒவ்வொன்றும் ஒரு ஓம் மின்தடையுள்ள தடையிகளால் ஆன முடிவில்லாத சதுர வலை, குறித்துக் காட்டிய இரண்டு சந்திகளுக்கிடையே சமவலுத் தடை, அதாவது மொத்த வலையும் சேர்ந்து தரும் தடை, எவ்வளவு? அந்த மனிதர் தெருவை கடந்துகொண்டிருக்கும்போதே யோசித்தபடி நின்றுவிடுகிறார். லொறி வந்து மோதுகிறது. பௌதிகவியலாளருக்கு இரண்டு புள்ளி, கணிதவியலாளருக்கு மூன்று புள்ளி என்று கறுப்புத் தொப்பிக்காரர் கணக்கும் சொல்கிறார்.

இந்தப் படத்தின் கெட்டித்தனம் வாசகருக்கு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. இணைந்த கணிதமோ பௌதிகவியலோ படித்த பிள்ளை இதைப் பார்த்ததும் பேனாவை எடுக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சந்திகள் என்றால் உயர்தர அறிவே போதும். ஒரு சந்தியில் ஒரு அம்பியரை உள்ளே செலுத்தினால் சமச்சீரால் நான்கு கிளைகளிலும் கால் கால் அம்பியர் போகும். அடுத்த சந்தியிலிருந்து ஒரு அம்பியரை வெளியே எடுத்தால் அதே கிளையில் இன்னொரு கால் அம்பியர். இரண்டையும் கூட்டினால் அரை அம்பியர், ஆகவே சமவலுத் தடை அரை ஓம். அழகான தந்திரம். ஆனால் படத்தில் குறித்திருக்கும் சந்திகள் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. சதுரங்கத்தில் குதிரை பாய்கிற தூரத்தில் இருக்கின்றன. அங்கே இந்தத் தந்திரம் தனியாக உதவாது, தொகையீட்டில் இறங்க வேண்டும். விடை, நான்கைப் பையால் வகுத்து அரையைக் கழித்தால் வருவது, அதாவது ஏறத்தாழ 0.773 ஓம். எங்கள் வகுப்பில் மணியடித்த பிறகும் இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவன் "லொறி வருது, லொறி வருது" என்று கத்தினான், வகுப்பே வெடித்தது. கதாபாத்திரத்துக்குச் செய்ததையே படம் வாசகருக்கும் செய்துவிடுகிறது. விஞ்ஞான நகைச்சுவையில் இதற்கு மேல் ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை.

327ஆம் படத்தையும் விட முடியாது. பாடசாலையிலிருந்து தாய்க்கு அழைப்பு வருகிறது. எங்கள் கணினியில் ஏதோ பிரச்சினை என்கிறார்கள். ஐயோ, என் மகன் எதையாவது உடைத்துவிட்டானா என்கிறார் தாய். ஒரு வகையில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, உங்கள் மகனுக்கு நிஜமாகவே இப்படித்தான் பெயர் வைத்தீர்களா என்று கேட்கிறார்கள். பெயர் ரொபர்ட் என்று தொடங்குகிறது, அப்புறம் மேற்கோள் குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி, தொடர்ந்து மாணவர் அட்டவணையை அழித்துவிடு என்ற தரவுத்தளக் கட்டளை. பெயரைப் பதிந்த மென்பொருள் அதைப் பெயராக மட்டும் எடுக்காமல் கட்டளையாகவும் நிறைவேற்றிவிட்டது, அந்த வருடத்துப் பதிவுகள் போயே போய்விட்டன. தாய் பதறவில்லை. உள்ளிடும் தரவைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று முடிக்கிறார். நம் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பரீட்சை அனுமதி அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்று அலையாத குடும்பம் குறைவு. நமக்குப் பதிவேடு பெயரைக் கெடுக்கிறது, இங்கே பெயர் பதிவேட்டைக் கெடுக்கிறது. அந்தத் தாயின் நிதானமான குரலைப் படித்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, இவரிடம் எனக்குப் பிடிக்காதவை.

எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரிப் பேசுகிறது. முகம் இல்லாததால் குரலில் வித்தியாசம் இன்னும் அதிகமாக வேண்டும். ஆனால் கறுப்புத் தொப்பிக்காரரையும், உலகத்தை வேறு விதமாகப் பார்க்கும் பெரே தொப்பிக்காரரையும் விட்டால், மிச்ச எல்லோரும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே வகுப்பில் படித்தவர்கள் போலத்தான் பேசுகிறார்கள். ஒரு கூத்தில் ராஜாவும் மந்திரியும் கோமாளியும் ஒரே குரலில் பேசினால் எப்படி இருக்கும்? இரண்டாவது, சூத்திரம் பழகிவிட்டது. தீவிரமான ஒரு வரைபடத்தை எடுத்து, அச்சில் ஓர் அசட்டுத்தனமான விஷயத்தை எழுதுவது. முதல் பத்துக்குச் சிரிப்பு வந்தது, இருபது வருடம் கழித்து அச்சுக்களைப் பார்க்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. சில படங்களில் பகிடி முடிந்த பிறகும் ஒரு கட்டம் பேசிக்கொண்டே போகிறார், அதை வெட்டியிருக்கலாம் என்று தோன்றும். ஆரம்ப கால காதல் படங்கள் எனக்கு ஒட்டவில்லை. அவற்றில் பெண் என்பவள் கெட்டிக்காரப் பையனுக்குக் கிடைக்கும் பரிசு மாதிரி வந்து போகிறாள். இருந்தாலும் கரும்பலகையில் ஒரு பையன் கணக்கைப் பிழைவிட்டால் உனக்குக் கணிதம் வராது என்பார்கள், ஒரு பெண் பிழைவிட்டால் பெண்களுக்கே கணிதம் வராது என்பார்கள் என்று காட்டும் 385ஐயும் அதே ஆள்தான் 2008இல் வரைந்தார், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் குறை வேறு. 2008இல் வந்த 435ஆம் படத்தை உங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். சமூகவியலாளர், உளவியலாளர், உயிரியலாளர், இரசாயனவியலாளர், பௌதிகவியலாளர் என்று வரிசையில் நிற்கிறார்கள். உளவியலாளர் தொடங்கி ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்பவரின் துறை தன் துறையின் பிரயோகம்தான் என்கிறார். வெகு தூரத்தில் தனியாக நிற்கும் கணிதவியலாளர், அட, உங்களையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை என்கிறார். படத்தை நிதானமாகப் பார்த்தால் கேலி அந்தக் கர்வத்தின் மேல்தான். ஆனால் அதைப் பகிர்கிறவர்கள் அப்படிப் பகிர்வதில்லை. கலைப் பிரிவில் படிப்பவரைச் சீண்ட ஒரு சான்றிதழ் போல அனுப்புகிறார்கள். மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ளவை மிகக் குறைவு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும், பக்கத்தில் பிரிவு இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், தூரத்துப் பாடசாலை விடுதிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லாமல் கலைப் பிரிவுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர். அவர்கள் முன்னால் இந்தப் படத்தை நீட்டும்போது வரைந்தவர் நினைத்த கேலி வேறாகிவிடுகிறது.

மன்றோ தன் இனத்தையே கிண்டல் செய்யத் தயங்காதவர்தான். 793இல் ஒரு பௌதிகவியலாளர் இன்னொரு துறையினரிடம் போய், இதை ஓர் எளிய பொருளாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் திருத்தம் சேர்த்தால் முடிந்தது, இதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆய்விதழ் என்று கேட்கிறார். எங்கள் ஆட்களை நன்றாக அளந்து வெட்டிய சட்டை அது. ஆனால் 451இல் சறுக்குகிறார். ஒருவன் வெவ்வேறு துறை நிபுணர் மாதிரி நடித்து, எவ்வளவு நேரத்தில் பிடிபடுகிறான் என்று அளக்கிறான். பொறியியலில் ஒரு நிமிடத்துக்குள் அகப்படுகிறான், இலக்கிய விமர்சனத்தில் கட்டுரைகளும் புத்தகங்களும் எழுதிய பிறகும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது எனக்குச் சிரிப்பைத் தரவில்லை. மற்ற நல்ல படங்களில் இவர் ஒரு துறையை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அதன் உண்மையான கோணலைப் பிடிக்கிறார். இங்கே வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையில் கேட்ட வம்பைத் திருப்பிச் சொல்கிறார், அறிந்து செய்த வேலை ஒன்றும் அதில் இல்லை.

அறியாதவரைக் கேலி செய்யலாமா என்ற கேள்விக்கு அவரே 2012இல் ஒரு பதில் வரைந்திருக்கிறார், எண் 1053. வளர்ந்தவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அமெரிக்காவில் தினமும் பத்தாயிரம் பேர் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறார்கள் என்று பிறப்புக் கணக்கை வைத்துக் காட்டுகிறார். வருடத்துக்கு நாற்பது இலட்சம் பிறப்பை 365ஆல் பிரித்தால் ஏறத்தாழ அந்தத் தொகைதான் வரும். நம் நாட்டில் அண்மைய வருடங்களில் பிறப்பு மூன்று இலட்சத்துக்கும் கீழே, ஆக நாளொன்றுக்கு 700 பேர் அளவில். இன்றைக்கு அந்த 700 பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவருக்கு அது ஒரு சந்தோஷமான வேலையாக இருக்க வேண்டும் என்கிறது படம். இதில் நகைச்சுவை கொஞ்சம்தான், ஆனால் எனக்கு மிகப் பிடித்த பண்பு இதில் இருக்கிறது. உங்கள் விடுதி நண்பர்களிடம் 435க்குப் பதிலாக இதை அனுப்புங்கள்.

தமிழில் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் எக்ஸ்கேசிடியின் விஷயங்களைத் தமிழ்ப்படுத்துவதால் வராது. நம்மைச் சுற்றி விஞ்ஞானம் எங்கே இடறுகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதில் ஒரு படம் இருக்கிறது. இன்னொன்றை என் மாணவி ஒருத்தியே கையில் தந்தாள். வழு பற்றிய பாடம் நடந்தது. எழுமாற்று வழு என்றால் சில நேரம் கூடவும் சில நேரம் குறையவும் காட்டும், நிறைய வாசிப்பு எடுத்தால் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்றேன். பூச்சிய வழு என்றால் கருவி எப்போதும் ஒரே பக்கமாகப் பிழை காட்டும், எத்தனை தடவை அளந்தாலும் தீராது என்றேன். அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். கூடையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லக்கூடியவர். அவர் சொல்லும் நிறையை ஒரு பக்கமும், தராசில் விழுந்த நிறையை மறுபக்கமுமாக அவள் கொப்பியில் எழுதி வந்திருக்கிறாள். மழையே இல்லாத நாளிலும் தண்ணீருக்கென்று கழித்திருக்கிறார்கள். கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சேர், எங்க தோட்டத்துத் தராசுக்கு எழுமாற்றுன்னா என்னான்னே தெரியாது."

இதை நான்கு கட்டங்களில் வரையலாம். முதல் கட்டத்தில் கரும்பலகை, இரண்டாவதில் கொழுந்து நிறுக்கும் இடம், மூன்றாவதில் கொப்பி, நான்காவதில் அந்த ஒரு வசனம். முகம் தேவையில்லை, குச்சி மனிதர் போதும், கூடையை மட்டும் நன்றாக வரையுங்கள். பாடத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு முறைப்பாடு, அதைக் காலங்காலமாகச் சொல்லித்தான் வருகிறோம். பாடத்தைச் சேர்த்தால் அந்த முறைப்பாட்டுக்குக் கணக்கு வந்துவிடுகிறது, சிரிப்பும் வருகிறது. சிரிப்பு அந்த அம்மாவின் மேல் விழவில்லை, தராசின் மேல் விழுகிறது. விமர்சகராக நின்று பார்த்தாலும் இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

வரையத் தொடங்குமுன் 882, 356, 2501, 327 என்ற வரிசையில் படித்துப் பாருங்கள், மறைந்திருக்கும் வரியோடு. வாசகர்களே கூடி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதி வைத்திருக்கும் தளம் ஒன்றும் இருக்கிறது, அதைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். 404ஐத் தேடாதீர்கள், 403க்கு அடுத்தது 405தான், ஏன் என்று உங்கள் கணினிப் பாடநண்பர்களைக் கேளுங்கள். அப்புறம் ஒரு நல்ல செய்தி: மூலத்தைக் குறிப்பிட்டு, வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தினால் இந்தப் படங்களை மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் அவருடைய உரிமம் இடம் தருகிறது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது நான்கைந்து படத்தைத் தமிழில் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். உங்கள் பழைய பாடசாலையின் விஞ்ஞானகூடச் சுவரில் ஒட்டிவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே தராசுப் படத்தையும் ஒட்டலாம். அதற்கு அந்த மாணவியிடம் நான் அனுமதி வாங்கித் தருகிறேன்.